‘ஆமாங்க சார்’ போட்ட ஓட்டு

எம்.எல்.ஏ. அங்கயற்கண்ணி எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது நான், “நீங்க நல்லா இருக்கணும்மா, நூறு வருஷம் இருக்கணும்” என்று சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? எனக்கு முன்னால் போர்த்திக்கொண்ட லைன்மேன் செல்லையாவும் அதைத்தான் சொன்னார். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரும் அதைத்தான் சொன்னார். ஆஸ்பத்திரி நர்சம்மா கொஞ்சம் படித்தவர் என்பதால் அதையே மைக்கில் சொன்னார். நாங்கள் சொன்னதை எல்லாம் எங்கள் மணிக்கட்டுப் பட்டைகள் கேட்டுக்கொண்டன. கேட்டது பதிலிக்குப் போனது.

பதிலி என்பது எங்களுக்குப் புதிய பேச்சு இல்லை. ஊஞ்சக்குளம் பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர் ஒருத்தர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவர் தெருவைக் கூட்ட வருகிற ஆளைப் பதிலி என்றுதான் சொல்வோம். ஓட்டுக்கும் பதிலி வரப்போகிறது என்று சர்க்கார் அறிவித்தபோது நாங்கள் அதிசயப்படவில்லை. நம் பேச்சைக் கேட்டுக் கேட்டு நம் மனசு என்ன என்று அதுவே படித்துக்கொள்ளுமாம். தேர்தல் அன்றைக்கு நமக்காக அதுவே போட்டுவிடுமாம். வெயிலில் வரிசை கிடையாது. அரை நாள் கூலி போகாது. நல்லதுதானே என்று இருந்துவிட்டோம். விருப்பம் உள்ளவர்கள் நேரில் போயும் போடலாம், அப்படிப் போட்டால் பதிலி போட்டது செல்லாது என்று ஒரு சட்டம் இருந்தது. யார் போகிறார்கள்? வேலையில்லாத ஒரு வக்கீலும் நாலு கிழவர்களும் போனார்கள்.

பதிலி வந்த பிறகு ஊரில் பாராட்டு விழாக்கள் பெருகிவிட்டன. எல்லாக் கட்சிக்காரர்களும் நடத்தினார்கள். துணி விற்கிறவர்களுக்கு நல்ல காலம்.

“மதினி, இந்த வருஷத்துல எனக்கு இது மூணாவது சால்வை” என்றான் வேல்மயில். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. நான் தெரு கூட்டுகிற வார்டிலேயே சாக்கடை வேலை பார்க்கிறான். “தச்சுப் போட்டா ஒரு பந்தலே போட்டுறலாம். நம்ம வீட்டுக் கூரை ஒழுகுது, சொல்லிப் பாக்கவா?”

“சும்மா இருப்பா. அந்தம்மா பேசுறாக.”

எம்.எல்.ஏ. அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். பாதிப் பேருடைய கண் சாப்பாட்டு ஹால் பக்கம் இருந்தது.

“இங்க உக்காந்திருக்கிற இவங்க ஒருநாள் வரலைன்னா ஊரு என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. கரண்டு வராது, தண்ணி வராது, வாசல்ல கால் வைக்க முடியாது. இவங்க யாரும் வீட்டுல இருந்துக்கிட்டே வேலை பாக்கல. நேர்ல வந்து நிக்கிறாங்க. அடுத்த மாசம் தேர்தல். கூடவே குப்பைக் கிடங்கைக் கண்மாய்க்கரையில வைக்கலாமான்னு உங்க கிட்ட ஒரு கேள்வியும் கேக்கப்போறோம். தயவுசெஞ்சு நேர்ல வந்து போடுங்க. எனக்கு எதிராப் போடுறதா இருந்தாலும் நேர்ல வாங்க.”

ஜனங்கள் கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததற்கான கைதட்டல்தான் அது.

“அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?” என்றார் செல்லையா. “கெடைக்கிற ஓட்டை வேண்டாங்குறாங்க.”

பிரியாணிப் பொட்டலத்தோடு நான் கிளம்புகிற நேரத்தில் எம்.எல்.ஏ. அம்மா கூப்பிடுகிறார் என்று ஒருவர் வந்து சொன்னார். மணமகள் அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க சீனியம்மா” என்றார். நான் நின்றேன். அவர் இன்னொரு தரம் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தேன்.

“உங்க காலனிக்குப் பின்னாடி கண்மாய்க்கரையில கிடங்கு வரப்போறது உங்களுக்குச் சம்மதமா?”

“நீங்க எது செஞ்சாலும் நல்லதுக்குத்தான செய்வீக.”

“அத விடுங்க. சம்மதமா?”

கையில் இருந்த பொட்டலத்தை மடியில் வைத்தேன்.

அவரே சொன்னார். தேர்தலுக்கு முன்னால் பதிலிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று தெருவாரியாக ஒரு ஒத்திகைக் கணக்கு வெளியிடுவார்களாம். ஆள் பெயர் இருக்காது, தெருப் பெயர் மட்டும் இருக்கும். கண்மாய்க்கரைக் கிடங்குக்கு ஊரிலேயே எதிர்ப்பு இல்லாத தெரு எங்கள் காலனிதானாம்.

“போன மாசமே நான் திட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். பக்கத்துல குடியிருக்கிறவங்களே சரின்னு சொன்னப்போ நான் என்ன சொல்ல? அப்புறம் ஒருநாள் அங்க வந்து நின்னு பாத்தேன். உங்க வீட்டுச் சுவருக்கும் அந்த இடத்துக்கும் நடுவுல ஒரு முள்ளுவேலிதான் இருக்கு. இதுக்கு எப்படிச் சம்மதிச்சாங்கன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தோணுச்சு.”

“நாங்களா சம்மதிச்சோம்?” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி, பைபாஸ் பக்கத்துப் பழைய கிடங்கில் பல வருஷம் குப்பை பிரித்தவர். அங்கே தீ பிடித்தால் அணையாது. மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகை அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது கட்டிலில் இருந்து அடுப்படி வரைக்கும் நடந்தாலே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். அடுத்த புகையை அவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் புகையை வீட்டுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து வைக்க நான் சரி என்று சொல்வேனா?

வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றாமல் அதனிடம் கேட்டேன். பதிலி என் குரலில்தான் பேசும். நான் பேசுகிற மாதிரியேதான் பேசும். ஆரம்பத்தில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

“கிடங்குக்கு நீ எதுக்குச் சரின்னு சொன்ன?”

“நீதான தாயி சொன்ன” என்றது.

“நான் எப்ப சொன்னேன்?”

அது சொல்லிக் காட்டியது. சூப்பர்வைசர் துரைப்பாண்டியின் குரல் வந்தது. ‘கண்மாய்க்கரையில வந்தா உங்களுக்குத்தான் நல்லது. வண்டி தள்ளுற தூரம் கம்மி. என்ன சீனியம்மா?’ அதற்குப் பின்னால் என் குரல். ‘ஆமாங்க சார். நல்லதுங்க சார்.’ வேறொரு நாள், வேறொரு தெரு. ‘ஆமாங்க சார்.’ மழை பெய்கிற சத்தம், அதற்குள்ளும் நான். ‘சரிங்க சார்.’

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “உன் குரலுதான் புள்ள. அச்சு அசல்.”

“அது சும்மா சொன்னது” என்றேன் பட்டையைப் பார்த்து.

“எது சும்மா சொன்னது, எது நெசமாச் சொன்னதுன்னு நான் எப்படிக் கண்டேன்? நீ ஒருநாளாச்சும் மாத்திச் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“இப்பச் சொல்லுதேன். வேண்டாம். கிடங்கு இங்க வேண்டாம்.”

“பதிஞ்சுக்கிட்டேன் தாயி. ஆனா ஒருநாள் கோவத்துல சொல்றதுக்கு எடை கம்மி. இத்தன வருஷமா நிதானமாச் சொன்னதுக்குத்தான் எடை கூட. அவசரப்பட்டு உன் மனசை நான் மாத்திறக் கூடாதுல்ல?”

அது என்னை ஏமாற்றவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் பேசியது. நான் பட்டையைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். போடும்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்தால் நான் தினமும் செய்கிற காரியமே இதுதான். வேலைக்குப் போகும்போது வருகைப் பதிவுக்காக மாட்டுகிறேன், வந்ததும் கழற்றி வைக்கிறேன். ஆபீசில் இருக்கிறவர்களும் கடைக்காரர்களும் நாள் முழுக்கக் கையில் போட்டிருப்பார்கள். பெண்டாட்டியோடு சண்டை போடுவதையும் கூட்டாளியிடம் புலம்புவதையும் அவர்கள் பதிலி கேட்டிருக்கும். விழா மேடையை விட்டால், என் பதிலி கேட்டதெல்லாம் துடைப்பம் கையில் இருக்கும்போது நான் பேசியதுதான். அந்த நேரத்தில் எங்கள் வாயில் இரண்டு வார்த்தைதான் இருக்கும். ஆமாங்க சார். சரிங்க சார்.

வேலை நேரத்தில் எங்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. அதைச் சொல்வதற்கு எங்களிடம் வேறு வழி இருந்தது. சூப்பர்வைசர் வந்து பொய்யாக ஏதாவது சொன்னாலோ, நடக்காத காரியத்தை நடக்கும் என்றாலோ, நாங்கள் ஆமாங்க சார் என்று சொல்லிவிட்டுத் துடைப்பக் கட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவோம். ஈர்க்குகளைச் சமப்படுத்துகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அர்த்தம் தெரியும். ‘நம்பாதே’ என்று அர்த்தம். எங்களுக்கு முந்தி வேலை பார்த்தவர்கள் காலத்திலேயே இருந்த பழக்கம். வேல்மயில் மாதிரி சாக்கடை ஆட்கள் மண்வெட்டியைத் தட்டுவார்கள். பதிலிக்கு அது வேலைச் சத்தம். அது ‘ஆமாங்க சார்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் வேல்மயிலைக் கூட்டிக்கொண்டு எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. அவன் பட்டையிலும் கேட்டுப் பார்த்திருக்கிறான். அதிலும் அதே கதை.

எம்.எல்.ஏ. அம்மா எங்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

“நேர்ல வந்து போடுங்கன்னு சொல்றீக” என்றேன். “பதிலி இருக்கும்போது நேர்ல போறவங்கன்னா யாரு? வாயில ஒண்ணும் மனசுல ஒண்ணும் வச்சிருக்கிறவங்கன்னுதான அர்த்தம்? நாங்க அந்த வாசல்ல போயி நின்னாலே, சூப்பர்வைசர்கிட்ட இத்தன நாளும் பொய் சொன்னோம்னு ஆயிரும்.”

“நேர்ல போனா, நேரா வீட்டுக்கு அனுப்பிருவாக” என்றான் வேல்மயில். “நாங்க கான்ட்ராக்ட் ஆளுக. எங்களுக்கு எதும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு, “சொல்ல முடியாது வேல்மயில். கான்ட்ராக்ட் என் கையில இல்ல. சொன்னா அது பொய்” என்றார்.

“அப்புறம் எதுக்கும்மா எங்களக் கூப்பிடுறீக?”

நான் கேட்டது அதட்டுகிற மாதிரி இருந்திருக்கும் போல. வேல்மயில் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தான். எம்.எல்.ஏ. அம்மா தன் கையில் இருந்த பட்டையைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

“போன தடவை நான் எப்படி ஜெயிச்சேன்னு தெரியுமா? என்னை எதிர்த்து நின்னவரு ஒரு விழாவும் நடத்தல. நான் தெருத்தெருவா நடத்துனேன். சால்வை போட்டா எல்லாரும் ‘நல்லா இருக்கணும்’னு சொல்லுவாங்க. பதிலி அதக் கேக்கும். அதச் சொல்லிக்கொடுக்கிறதுக்கே எங்ககிட்ட ஆளு இருக்கு. கல்யாணத்துக்குப் போவேன், வாழ்த்துவாங்க, ஓட்டு. சாவு வீட்டுக்குப் போவேன். ‘நீ வந்ததே போதும் தாயி’ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க. அதுவும் ஓட்டு.” அவர் காப்பியை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தார். “அது அழுகை சீனியம்மா. அதை எடுத்து என் கணக்குல எழுதிட்டாங்க. இப்ப தெருவுல போறேன், எல்லாரும் சிரிக்கிறாங்க, கும்பிடுறாங்க. ஒருத்தருக்காவது என்னை நெசமாவே வேணுமான்னு எனக்குத் தெரியல.”

“நேர்ல வரச் சொன்னா நீங்க தோத்துப் போவீகளேம்மா” என்றான் வேல்மயில்.

“தோத்தா, நீங்க தோக்கடிச்சதா இருக்கும்ல?”

அவன் தலையைச் சொறிந்தான். வெளியே வந்ததும், “நல்ல அம்மாவா, கிறுக்கு அம்மாவான்னு தெரியலையே மதினி” என்றான்.

எனக்கும் தெரியவில்லை. ஆனால் நல்ல வார்த்தை சொல்லி எங்களை ஏமாற்றாமல் அனுப்பிய முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. காலனியில் ஒவ்வொருத்தியும் தன் பட்டையில் கேட்டுப் பார்த்தாள் என்பது மட்டும் தெரியும். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரும் வழக்கம்போலச் சண்டை போடவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கேட்டார்.

“வேலையை எடுத்துட்டாங்கன்னா என்ன செய்வ?”

“வேற வேலை பாப்பேன்.”

“எனக்காகவா போற?”

“ஒங்களுக்காகத்தான். வேற யாருக்காக?”

“என்னயச் சாக்கு வைக்காத புள்ள. நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு? உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு போயிச் சொல்லு.”

கோபமாக வந்தது. படுத்துக்கிடக்கிற மனுசனிடம் என்ன கோபம் என்று கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.

தேர்தலுக்கு முதல் நாள் காலையில் வருகைப் பதிவுக்குப் பேரூராட்சி ஆபீஸ் முன்னால் வரிசையாக நின்றோம். சூப்பர்வைசர் துரைப்பாண்டி எப்போதும் கத்துகிறவர். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

“நாளைக்கு வேலை உண்டு. லீவு கிடையாது. யாரும் ஸ்கூல் பக்கம் போயி நிக்கணும்னு அவசியம் இல்ல. நம்மளுக்கெல்லாம் பதிலி இருக்கு. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்? என்ன?”

“ஆமாங்க சார்” என்றோம். எல்லோரும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

நானும்தான் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தேன். அப்போது வரிசையின் கடைசியில் ஒரு சத்தம் கேட்டது. டக், டக். துடைப்பக் கட்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை நெடுக, ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தர். மண்வெட்டிகள் கல்லில் பட்டன. என் கையும் தட்டியது. சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, “போங்க, போயி வேலையப் பாருங்க” என்றார்.

அன்றைக்குத் தெரு கூட்டும்போது எனக்குக் கால் வலி தெரியவில்லை.

தேர்தல் அன்றைக்கு வேலை தொடங்குகிறதற்கு முன்னாலேயே போனோம். பள்ளிக்கூடத்தில் ஒரு அறையைத்தான் நேர்வாக்குக்கு ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அதிகாரி எங்கள் சீருடையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“வாங்கம்மா. முன்னால கொஞ்சம் பெருக்கிட்டு, பின்பக்கம் ஒரு எலி செத்துக் கெடக்கு, அத மொதல்ல எடுத்துருங்க.”

“ஓட்டுப் போட வந்துருக்கோம் சார்” என்றேன்.

“யாரு, எல்லாருமா?”

“ஆமாங்க சார்.”

அந்த ஒரு ஆமாங்க சாருக்கு எங்களுக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி உள்ளே ஓடினார். மை பாட்டிலின் மூடி இறுகிப்போய்த் திறக்க வரவில்லை. வேல்மயில் வாங்கித் திறந்து கொடுத்தான். “சாக்கடை மூடியே திறக்கிறோம் சார், இது என்ன?” என்றான்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது தெரு முனையில் சூப்பர்வைசரின் வண்டி வந்து நின்றது. பேச்சு அப்படியே அடங்கியது. எனக்கு முன்னால் நின்ற பெண் வரிசையை விட்டு ஒரு அடி விலகினாள். நான் அவள் தோளைப் பிடித்துத் திரும்ப நிறுத்தினேன். அவர் வண்டியைப் பூட்டினார். எங்கள் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். கடைசி ஆளைத் தாண்டினார். திரும்பினார். வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டார்.

வேல்மயிலால்தான் சும்மா இருக்க முடியாதே. “சார், இங்கன எதும் ஆய்வுங்களா?” என்றான்.

“பேசாம நில்லுப்பா.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே, யாரையும் பார்க்காமல் சொன்னார். “கண்மாய்க்கு அந்தப் பக்கம்தான் என் வீடு இருக்கு. காத்து உங்க பக்கம் மட்டுமா அடிக்கும்? எனக்கும் மேல ஒரு ஆபீசர் இருக்காரு. நானும் அவருகிட்ட ஆமாங்க சார்னு சொல்லிட்டு வந்தவன்தான்.”

நாங்கள் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டோம். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று தோன்றியது.

உள்ளே அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றேன். அங்கே பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பதிலி வந்த பிறகு, என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லும்வரை யாரும் எதிரே நிற்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கிடங்குக் கேள்வி முதலில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேண்டாம் என்பதை அமுக்கினேன். அதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

அடுத்தது எம்.எல்.ஏ. தேர்தல். அங்கயற்கண்ணி என்ற பெயர் மேலேயே இருந்தது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னவர் அவர். அவர் சொல்லவில்லையென்றால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். கை அந்தப் பக்கம் போனது. போன கை நின்றது. கிடங்குக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். முள்வேலியை வந்து பார்த்தது கையெழுத்துப் போட்டதற்கு அப்புறம்தான். சாக்கடைக்குள் ஆள் இறங்க வேண்டியதில்லை, மெஷின் வரும் என்று போன தேர்தலில் சொன்னதும் அவர்தான். ஓட்டுப் போட எனக்குப் பதிலி வந்துவிட்டது. சாக்கடையில் இறங்க வேல்மயிலுக்கு இன்னும் பதிலி வரவில்லை.

நன்றி வேறு, இது வேறு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு வேறொரு பெயரை அமுக்கினேன். வெளியே வந்து பட்டையை மாட்டிக்கொண்டேன்.

கண்மாய்க்கரைக் கிடங்கு நின்றுபோனது. ஊரில் மற்றத் தெருக்காரர்களின் பதிலிகள் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து கிடந்ததால், எங்கள் காலனி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜெயித்தது. எம்.எல்.ஏ. அம்மா தோற்றுப்போனார். கொஞ்ச வித்தியாசம்தான். அவர் கட்சிக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து, “நேர்ல வாங்க, நேர்ல வாங்கன்னு கூப்பிட்டுக் குழியில விழுந்தாச்சு” என்று பேசிக்கொண்டார்கள்.

கான்ட்ராக்ட் கம்பெனி யாரையும் நீக்கவில்லை. ஆனால் என்னை மீன் மார்க்கெட்டுக்கு மாற்றினார்கள். வேல்மயிலைப் பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்கு மாற்றினார்கள். துரைப்பாண்டி சார்தான் உத்தரவைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, “நான் எதும் சொல்லலம்மா” என்று தனியாக என்னிடம் சொன்னார். நம்பினேன். மீன் மார்க்கெட்டில் தண்ணீரும் செதிலும் செருப்புக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் வாடை போகாது. என் வீட்டுக்காரர் மூக்கைச் சுருக்கி, “மீனு வாங்காமலே குழம்பு வாசம் வருது” என்பார். பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்மாய்க் காற்றில் படுத்துக்கிடக்கிறார். இருமல் போகவில்லை. கூடவும் இல்லை.

ஒருநாள் பதிலி ஆள் வராததால் என்னை எம்.எல்.ஏ. அம்மாவின் தெருவைக் கூட்டப் போகச் சொன்னார்கள். இப்போது அவர் எம்.எல்.ஏ. இல்லை, ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் கார் இல்லை, ஆட்கள் இல்லை. என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார்.

“சீனியம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? கேக்கக் கூடாதுதான். இருந்தாலும் கேக்குறேன்.”

“கேளுங்கம்மா.”

“எனக்குப் போட்டீங்களா?”

வாய் தானாகத் திறந்தது. ‘உங்களுக்குத்தாம்மா, உங்களுக்குப் போடாம வேற யாருக்கு’ என்ற பேச்சு நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், நானும் சிரித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போயிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிப்பதற்குத் தயாராக இல்லை. காத்துக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா” என்றேன். “போடல.”

கையில் இருந்த குழாயை அவர் கீழே வைத்தார். வாசற்படியில் உட்கார்ந்தார்.

“ஏன்?”

சொன்னேன். கையெழுத்தைச் சொன்னேன். மெஷினைச் சொன்னேன். வேல்மயில் இறங்கிக்கொண்டிருந்த குழியைச் சொன்னேன், அது எந்தத் தெருவில் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். என் சத்தம் கூடிப்போய் எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வேர்வையா என்று எனக்குத் தெரியாது.

“அடுத்த தடவையும் நிக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

“நில்லுங்கம்மா” என்றேன். “நின்னா, காலனிக்கு வந்து கேளுங்க. யோசிச்சுச் சொல்றேன்.”